எரிமலையைப் பார்க்காத பிள்ளை ‘எரிமலை போல’ என்று எழுதினால் என்ன செய்வது?

கேட்பவர்: தரம்பத்துத் தமிழ்

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தரம் 10 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். வந்து இரண்டு வருடம்தான். எழுதுகிறவர்கள், கூத்து ஆடியவர்கள், பழைய ஆசிரியர்கள் என்று பலர் இங்கே இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்த்தினப் போட்டிக்காகப் பிள்ளைகளிடம் சிறுகதை எழுதி வாங்கினேன். 23 கொப்பி. சனிக்கிழமை காலையில் தொடங்கி விளக்கு வைக்கும் நேரம் வரை வாசித்தேன். எந்தக் கொப்பியைத் திறந்தாலும் அம்மாவின் முகம் நிலா, தங்கச்சியின் பல் முத்து, அக்காவின் குரல் குயில். துக்கச் செய்தி வந்தால் தலையில் இடி விழுகிறது. கோபம் வந்தால் எரிமலை வெடிக்கிறது. ஆட்களும் அப்படித்தான். அழுகிற அம்மா, குடிக்கிற அப்பா, படித்து டொக்டராகி ஊருக்குத் திரும்பி வருகிற மகன். கடைசிப் பக்கத்தில் வெளிநாட்டு மாமா காசோடு வந்து இறங்குவார்.

ஒரு கொப்பியில் மட்டும் ஒரு வரி வெட்டப்பட்டிருந்தது. நீலப் பேனையால் ஒரே கோடு. கீழே இருந்த எழுத்தை வாசிக்க முடிந்தது. (வான் என்பது, குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடம்.)

“அம்மாவின் கோபம் வான் பாயும் வரைக்கும் சத்தம் போடாத குளம்.”

அதை வெட்டிவிட்டு அதற்கு மேலே, “அம்மா எரிமலை போல வெடித்தாள்” என்று எழுதியிருக்கிறாள்.

திங்கட்கிழமை இடைவேளைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஏன் பிள்ளை இந்த வரியை வெட்டினனீர்?”

“குளம் உவமையில வராது ரீச்சர்.”

“எரிமலை எங்கேயாவது பார்த்திருக்கிறீரா?”

“இல்லை ரீச்சர். நீங்கள் பலகையில எழுதித் தந்தனீங்கள்.”

உண்மைதான். போன தவணை பரீட்சைக்கென்று ஒரு பட்டியல் எழுதிப் போட்டேன். ‘எரிமலை போல’ அதில் ஐந்தாவதாக இருந்தது. அன்றைக்கு முழுக்க எனக்கு மனம் சரியில்லை. குளத்துக்குக் கீழே பிறந்து வளர்ந்த பிள்ளை (குளத்தின் பெயரைச் சொன்னால் பிள்ளையைக் கண்டுபிடித்துவிடுவார்கள், விடுகிறேன்), தான் கண்ணால் கண்டதைக் கதைக்கு ஆகாது என்று நினைக்க நான் காரணமாகிவிட்டேன்.

என் கேள்விகள் இவைதான். அந்த வரி உவமையா உருவகமா? எங்கள் பள்ளிக்கூடத்தில் இன்னொரு ரீச்சர் உவமை என்கிறார், நான் உருவகம் என்கிறேன். அடுத்தது, பரீட்சைக்கும் பழுது வராமல், பிள்ளைகளின் சொந்தக் கண்ணிலிருந்து அணிகள் வரும்படி எப்படிப் படிப்பிப்பது? அப்புறம் இந்த அழுகிற அம்மா, வெளிநாட்டு மாமா. இவர்களை எழுதவேண்டாம் என்று சொல்லிவிடலாமா? தொல்படிவம் என்று ஒரு சொல் கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றா?

வவுனிக்குளத்தான்

ரீச்சர், நீங்கள் சொன்னதுதான் சரி. அது உருவகம். ‘குளம் போன்ற கோபம்’ என்று எழுதியிருந்தால் உவமை. இதில் கோபம் எழுவாய், குளம் பயனிலை. இது அதைப் போன்றது என்று அவள் சொல்லவில்லை, இதுதான் அது என்கிறாள். மதிமுகம் உவமை, முகமதி உருவகம் என்று சாதாரண தரத்தில் படித்தோமே, அதே கணக்கு. மற்ற ரீச்சர் ஏன் உவமை என்கிறார் என்பதும் விளங்குகிறது. உருபு மறைந்தும் உவமை வரும் என்பதால் அந்தக் குழப்பம் எங்கள் வகுப்பிலும் இருந்தது.

நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கிறேன், மூன்றாம் வருடம். பாத்திரங்களைப் பற்றிக் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன். ரஷ்யாவில் விளாதிமிர் புரொப் என்ற ஆய்வாளர் நூறு மாயக்கதைகளை எடுத்துப் பிரித்துப் பார்த்து 1928இல் ஒரு நூல் வெளியிட்டார். கதைக்குக் கதை ஆட்கள் மாறுகிறார்கள், ஆனால் அவர்கள் செய்யும் வேலை மாறுவதில்லை என்பது அவர் கண்டது. அப்படி 31 செயல்களை எண்ணினார். அவற்றைச் செய்பவர்களை ஏழு பங்காகப் பிரித்தார். நாயகன், எதிரி, மந்திரப் பொருள் கொடுப்பவர், துணைநிற்பவர், தேடப்படும் இளவரசியும் அவளுடைய தகப்பனும், நாயகனை வழியனுப்புபவர், கடைசியாகப் போலி நாயகன். தான் செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லிப் பரிசு கேட்டு வந்து நிற்பவன்தான் போலி நாயகன். எனக்கு இந்தப் பங்கில்தான் ஈடுபாடு, ஏனென்றால் கிராமத்துக் கதைகளில் இவனைத் தேடினால் கட்டாயம் அகப்படுவான்.

உங்கள் வெளிநாட்டு மாமாவை இதில் வைத்துப் பாருங்கள். கொடுப்பவர் பங்கு. பழைய கதையில் காட்டில் எதிர்ப்படும் கிழவி மந்திரக்கோல் கொடுப்பாள், இந்தக் கதைகளில் மாமா காசு கொடுக்கிறார். ஒரு வித்தியாசம் இருக்கிறது. கிழவி சும்மா கொடுக்கமாட்டாள். நாயகனிடம் ஒரு கேள்வி கேட்பாள், ஒரு வேலை வைப்பாள், அதில் தேறினால்தான் கொடுப்பாள். மாமா ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டுப் போகிறார். கதை அந்த இடத்தில் சப்பென்று போவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தொல்படிவம் என்பது யுங் என்ற சுவிற்சர்லாந்து உளவியலாளர் விரித்துச் சொன்னது. தாய், ஞானக் கிழவர், நிழல் போன்ற சில உருவங்கள் எல்லா மனிதர் மனத்தின் அடியிலும் பொதுவாகக் கிடக்கின்றன, அவைதான் கனவிலும் புராணத்திலும் திரும்பத் திரும்ப வருகின்றன என்றார். மிச்சத்தைப் பெரியவர்கள் சொல்லட்டும்.

முள்ளியவளை வாத்தியார்

பிள்ளை, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். 34 வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். எரிமலையை நானும் பலகையில் எழுதியிருக்கிறேன். அதனால் அதை நினைத்து வருந்திக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளை ஒரு கோடுதான் போட்டு வெட்டியிருக்கிறாள், கிறுக்கி அழிக்கவில்லை. அந்த வரியை விட அவளுக்கு மனமில்லை.

தண்டியலங்காரம் 35 பொருளணி சொல்கிறது. அதில் முதலாவது எது என்று ஆசிரியர்களைக் கேட்டால் பாதிப்பேர் உவமை என்பார்கள். உவமை இல்லை. முதலாவது தன்மை. ஒரு பொருளை அது இருக்கிற இயல்பிலேயே சொல்வது. அதற்குப் பிறகுதான் உவமை, அதற்குப் பிறகு உருவகம். நான் ஏறக்குறைய இருபது வருடம் தன்மையணியை ஒரு பாடவேளையில் ஓட்டிவிட்டு உவமைக்குப் போய்விடுவேன். அந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. உள்ளதை உள்ளபடி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு எதை எதோடு ஒப்பிடுவது?

பிறகு ஒரு வருடம் பாலைப்பழக் காலத்தில் ஒரு பை நிறையப் பழம் வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஆளுக்கு நாலு பழம் கொடுத்து, தின்னச் சொல்லி, ‘போல’ என்ற சொல் வராமல் நடந்ததை எழுதச் சொன்னேன். முதலில் “இனிக்கிறது” என்று மட்டும் எழுதினார்கள். இன்னும் இரண்டு பழம் தின்னச் சொன்னேன். அப்போது வந்தது. உதடு ஒட்டுகிறது. மேலுதட்டைத் திறக்கக் கீழுதடும் கூட வருகிறது. தண்ணீர் விட்டுக் கழுவினால் பிசின் இன்னும் இறுகுகிறது, எண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் விடும். விரலில் பட்ட பால் கொப்பியில் ஒட்டிக் கடதாசி கிழிந்தது. இவ்வளவும் தன்மை. ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு கேட்டேன், “இப்படி வாய் ஒட்டிப்போகிறது வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?” கடைசி வாங்கில் இருந்த ஒரு பெடியன், அவன் வகுப்பில் வாய் திறக்காதவன், எழும்பிச் சொன்னான். “எங்கட காணியைப் பற்றிக் கேட்டா அப்பாக்கு இப்பிடித்தான் சேர் ஒட்டிப்போயிடும்.” நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வருடம் அவன் எழுதிய கட்டுரையில் அந்த வரி இருந்தது.

தொல்காப்பியம் உவமை பிறக்கும் வழி நாலு என்கிறது. வினை, பயன், மெய், உரு. செய்யும் செயல், கொடுக்கும் பயன், வடிவம், நிறம் என்று சுருக்கமாகச் சொல்லலாம். நிலா முகமும் முத்துப் பல்லும் வடிவத்திலும் நிறத்திலும் நிற்கிறவை. பிள்ளைகள் எல்லோரும் அந்த இரண்டுக்குள்தான் சுற்றுவார்கள், ஏனென்றால் படம் பார்த்தாலே அது தெரிந்துவிடும். உங்கள் பிள்ளை வினைக்குப் போயிருக்கிறாள். குளமும் அம்மாவும் பார்வைக்கு ஒன்றுபோல் இல்லை. நடந்துகொள்ளும் விதம் ஒன்று. ஒவ்வொரு பிள்ளையிடமும், “நீ எழுதின உவமை என்ன செய்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். நிலா என்ன செய்கிறது என்று கேட்டால் அவர்களே யோசிக்கத் தொடங்குவார்கள்.

இயல்பாக நடப்பதன்மேல் எங்கள் குறிப்பை ஏற்றிச் சொல்லும் தற்குறிப்பேற்றத்துக்கு எல்லோரும் மதுரைக் கோட்டைக் கொடியைச் சொல்வார்கள். இயல்பாகக் காற்றில் ஆடும் கொடி, கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாம் என்று கைகாட்டுவதாகச் சிலப்பதிகாரம் பாடுகிறது. அதைச் சொல்லுங்கள், அதைவிட நல்ல உதாரணம் இல்லை. கூடவே ஆட்காட்டிக் குருவியையும் சொல்லுங்கள். அது தரையில் முட்டை போடுகிற குருவி. மனிதர் கிட்டப் போனால் முட்டைக்குப் பயந்து கத்துகிறது. ஆள் வருகிறதைக் காட்டிக்கொடுக்கிறது என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள். பெயரிலேயே தற்குறிப்பேற்றம் இருக்கிறது. இரவில் மூட்டை முடிச்சோடு வயல் வெளியால் நடந்துபோன குடும்பங்களுக்கு அந்தக் குரல் எப்படிக் கேட்டது என்று வீட்டில் அம்மம்மாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். ஒரு கதைக்கு அதுவே போதும்.

இனிப் பாத்திரங்கள். நான் சின்ன வயதிலிருந்து எங்கள் ஊரில் கோவலன் கூத்துப் பார்த்தவன். பிறகு ஆடியுமிருக்கிறேன். அம்மாச்சி பாயும் வெற்றிலைத் தட்டமும் கொண்டு முன்வரிசையில் இருப்பா. கோவலன் ஒற்றைச் சிலம்போடு விற்கப் புறப்படும்போது ஒவ்வொரு வருடமும், “போகாதை ராசா, தட்டான் கள்ளன்” என்று வாய்விட்டுச் சொல்லுவா. கதை அவவுக்குத் தலைகீழ்ப் பாடம். கோவலன் திரும்பி வரமாட்டான் என்று தெரியும். தெரிந்ததால்தான் அந்தத் துடிப்பு. மேடையில் நிற்பவனுக்குத் தெரியாதது பார்க்கிறவருக்குத் தெரிந்திருப்பதை நாடக முரண் என்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் கடைசி வரியில் திடுக்கிட வைக்கத்தான் பார்க்கிறார்கள். நடக்கப்போவதை முதலே வாசிப்பவனுக்குச் சொல்லிவிட்டுப் பதறவைப்பது அதைவிடப் பலமானது என்று ஒரு தரம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வற்றாப்பளை அம்மன் கதை பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும். மதுரையை எரித்த கண்ணகி கிழவி உருவத்தில் நந்திக்கடல் கரைக்கு வருகிறாள். மாடு மேய்க்கும் சிறுவர்கள் அவளுக்கு இலைகுழையால் குடில் போட்டுப் பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல் தண்ணீரில் ஏற்று என்கிறாள், எரிகிறது. தலை கடிக்கிறது, பார் என்கிறாள். மயிரை விலக்கிப் பார்த்த சிறுவர்களுக்குத் தலை முழுக்க ஆயிரம் கண். இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்குக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து விளக்கு எரிக்கிறோம்.

தெய்வம் கிழவியாக, பிச்சைக்காரனாக வந்து மனிதரைச் சோதிக்கும் கதை உலகம் முழுக்க இருக்கிறது. வவுனிக்குளத்துத் தம்பி சொன்ன கொடுப்பவரும் அவள்தான், சோதனை வைக்கும் கிழவியும் அவள்தான். அதைத் தொல்படிவம் என்று சொல்லுங்கள். ஆனால் பேன் பார்க்கச் சொல்லித் தலையைக் குனிந்து காட்டியவள் எங்கள் கிழவி. அந்தப் பேன் இல்லாவிட்டால் எந்த நாட்டுத் தெய்வம் என்றும் தெரியாது. ஒரு ஆச்சிக்குப் பக்கத்தில் இருந்து தலை பார்த்த எந்தப் பிள்ளைக்கும் அந்த ஆயிரம் கண் விரல் நுனியில் குறுகுறுக்கும்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன், இது எனக்கு வெகுநாள் யோசனை. கற்சிலைமடுவில் நாட்டிய கல்லில், வொன் டிறிபேர்க் என்ற ஆங்கிலேயத் தளபதி 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த செய்தி மட்டும்தான் எழுதப்பட்டது. அதில் காக்கை வன்னியன் இல்லை. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும், எந்த நாடகம் போட்டாலும், காட்டிக்கொடுத்தவன் காக்கை வன்னியன். சரி, யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூலை எடுத்துப் பாருங்கள். அங்கே யாழ்ப்பாண அரசன் சங்கிலியைப் போர்த்துக்கேயப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுக்கிறவனுக்கும் பெயர் காக்கை வன்னியன். யாழ்ப்பாண அரசு விழுந்தது 1619இல். 184 வருட இடைவெளியில் அதே பெயர், அதே வேலை. சரித்திரத்தில் எத்தனை காக்கை வன்னியன்கள் இருந்தார்கள் என்று நான் வாதிட வரவில்லை. கதைக்கு அவன் தேவைப்பட்டிருக்கிறான். எங்கள் வீரன் நேருக்கு நேர் நின்று தோற்றான் என்று சொல்ல வாய் வரவில்லை, கூட இருந்தவன் ஒருவன் கதவைத் திறந்துவிட்டான் என்று சொன்னால் மனம் கொஞ்சம் ஆறுகிறது. தொல்படிவம் சனத்துக்கு என்ன செய்து கொடுக்கிறது என்பதை இதைவிடக் கிட்ட நின்று பார்க்க முடியாது. தரம் 10 பிள்ளைகளுக்கு இது விளங்கும். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அழுகிற அம்மாவைத் தடைசெய்ய வேண்டாம். அவள் ஊரில் இருக்கிறாள். “அம்மா அழும்போது கையில் என்ன இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள்.

பரீட்சையைப் பற்றிப் பயப்படவேண்டாம். அணியின் பெயர், விளக்கம், பொருத்திக் காட்டுதல், இவ்வளவுதான் கேட்பார்கள். தானே ஒரு உருவகம் கட்டிய பிள்ளை இன்னொருவர் கட்டியதை அடையாளம் காணத் தவறாது.

பூவரசடி

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் ஆசிரியை இல்லை, ஒரு தாய். ரீச்சரின் கேள்வியில் ‘அழுகிற அம்மா’ என்று வாசித்தபோது எனக்கு மனம் நொந்தது. உடனே எழுத இருந்தேன், ஐயாவின் பதிலைப் பார்த்து நிதானித்தேன்.

2009இல் என் மகனுக்கு ஒன்றரை வயது. அவனுடைய தகப்பன் இல்லை. முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகும் வெகுகாலம் நான் அழுதது உண்மை. அவன் பள்ளிக்கூடத்தில் எழுதிய கதையிலும் அம்மா அழுகிறாள். தலையை விரித்துப் போட்டு, மார்பில் அடித்து, நிலத்தில் விழுந்து அழுகிறாள். வாசித்துவிட்டுக் கொப்பியை மடித்து வைத்துவிட்டேன். என்னவோ பிழை என்று பட்டது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

ஐயா கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தெரிகிறது. நான் அப்படி அழவே இல்லை. பின்னேரம் தேத்தண்ணி ஊற்றுவேன். பழக்கத்தில் இரண்டு பேணியில் ஊற்றிவிடுவேன். ஊற்றின பிறகுதான் நினைவு வரும். இரண்டாவதைக் கொட்டவும் மனம் வராது, குடிக்கவும் முடியாது. ஆறி மேலே ஆடை படியும் வரைக்கும் குசினிக்குள் இருப்பேன். மகன் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறான், அது எனக்குத் தெரியும். அவன் அதை எழுதாமல் மார்பில் அடிக்கிற அம்மாவை எழுதியிருக்கிறான். தேத்தண்ணிப் பேணியெல்லாம் கதையில் வராது என்று நினைத்திருப்பான் போல, அந்தப் பிள்ளை குளத்தை நினைத்ததைப் போல.

இப்போது அவன் கொழும்பில் வேலை செய்கிறான். இன்றைக்கு இரவு கேட்கப்போகிறேன்.

முள்ளியவளை வாத்தியார்

பூவரசடித் தங்கச்சி, கும்பிடுகிறேன். உங்கள் இரண்டாவது பேணியைப் பற்றி நான் ஒரு விளக்கமும் சொல்லமாட்டேன். ரீச்சர் பிள்ளை, குறியீடு படிப்பிக்கும்போது சிலம்புக்குப் பக்கத்தில் இந்தப் பேணியை வையுங்கள், தங்கச்சி அனுமதி தந்தால்.

பூவரசடி

சொல்லுங்கள் ரீச்சர். யார் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

வலதுகரை வயல்காரன்

அணி இலக்கணம் எனக்குத் தெரியாது. இரணைமடுவின் கீழ் வயல் செய்கிறேன், தகப்பன் காலத்திலிருந்து. குளத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லலாமா?

அந்தப் பிள்ளையின் வரி வடிவான வரி. ஆனால் குளம் வான் பாயும் வரைக்கும் சத்தம் போடாது என்பது சரியில்லை. மாரியில் குளம் முட்டி நிற்கும்போது வாடைக்காற்று அடித்தால் அணைக்கட்டில் அடுக்கியிருக்கிற கல்லில் அலை அறையும். இரவில் கட்டில் நின்றால் பக்கத்தில் நிற்கிறவன் கதைக்கிறது கேட்காது. அதற்கு முதலும் அறிகுறி இருக்கிறது. தண்ணீர் ஏற ஏறக் கட்டின் வெளிப்பக்கம் அடியில் நிலம் கசியும். காய்ந்து கிடந்த இடம் காலுக்குக் குளிரும். எங்கள் அப்பு டோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கத்தால் நடப்பார். மேலே தண்ணீரைப் பார்க்கமாட்டார், கீழே கசிவு தெளிந்த தண்ணீரா மண்ணோடு வருகிறதா என்று பார்ப்பார். தெளிவாக வந்தால் வீட்டுக்கு வந்து படுப்பார். கலங்கி வந்தால் ஊரை எழுப்புவார், கட்டுக்குள் மண் கரைகிறது என்று அர்த்தம்.

இரணைமடுவில் வான்கதவு இருக்கிறது, திறந்துவிடுவார்கள். சின்னக் குளங்கள் தன்பாட்டில் வான் பாயும். பிள்ளை சொல்வது சின்னக் குளமாக இருக்கும். எப்படியிருந்தாலும் எந்தக் குளமும் சொல்லாமல் பாயாது. அம்மாவும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். பிழையாகச் சொன்னால் மன்னிக்கவேண்டும்.

கேட்பவர்: தரம்பத்துத் தமிழ்

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து வருகிறேன், சொல்ல விசயம் இருக்கிறது.

வயல்கார அண்ணா சொன்னதைப் பிள்ளையிடம் அப்படியே சொன்னேன். அலை அறைவது, கசிவு, டோர்ச் லைற், எல்லாம். முகம் சுருங்கிவிடுமோ என்று பயந்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

“எங்கட வீடு வானுக்குக் கீழ ரீச்சர். கட்டில ஏற விடமாட்டினம். வான் பாயுற சத்தம்தான் எங்களுக்கு முதல் வாறது.”

எனக்குப் பதில் வரவில்லை. அவள் பிழையாக எழுதவில்லை, தான் நின்ற இடத்திலிருந்து எழுதியிருக்கிறாள்.

சனிக்கிழமை அண்ணனோடு கட்டில் ஏறிப் பார்த்திருக்கிறாள். வெளிப்பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தாளாம். கசிவு இருந்ததாம், தெளிவாகத்தான் வந்ததாம். திங்கட்கிழமை கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எரிமலையை வெட்டியிருந்தாள். பழைய வரியையும் அப்படியே திருப்பி எழுதவில்லை. இப்போது இருப்பது இது:

“அம்மாவின் கோபம் குளம். கட்டில் நிற்பவர்களுக்கு முதலே கேட்டிருக்கும். நாங்கள் வானுக்குக் கீழே இருந்தோம்.”

சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டேன். கதை நேற்றுக் கோட்ட மட்டப் போட்டிக்குப் போய்விட்டது.

மற்றப் பிள்ளைகளுக்கு, “நீ எழுதின உவமை என்ன செய்கிறது?” என்ற கேள்வியைக் கொடுத்தேன். ஏழெட்டுப் பேர் நிலாவைத் தாங்களே எடுத்துவிட்டார்கள். ஒருத்தி விடவில்லை. அவளுடைய நிலா, கறண்ட் இல்லாத இரவில் அம்மா மீன் வெட்ட வெளிச்சம் கொடுக்கிறதாம். அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வெளிநாட்டு மாமாவுக்கு இன்னும் ஒரு வழியும் பிறக்கவில்லை. வவுனிக்குளத்துத் தம்பி சொன்னபடி, காசு கொடுக்க முதல் மாமா ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று சொன்னேன். என்ன கேள்வி என்று வகுப்பில் இரண்டு நாளாகச் சண்டை நடக்கிறது.

வாத்தியார் ஐயா, பாலை இன்னும் பழுக்கவில்லை. எங்கள் பக்கம் றோட்டோரம் நின்ற மரங்கள் எல்லாம் போய்விட்டன. ஒட்டுசுட்டான் பக்கம் காட்டுக்குள் போய் எடுக்கிறவர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். 23 பேருக்கு, ஆளுக்கு ஆறு பழம் வீதம் வேண்டும்.